மேலிருந்து பார்த்தவர்கள்

இந்த மலையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்கள் வீட்டுக்கு வந்து சேர நான்கு தலைமுறை ஆயிற்று. தாத்தா காடு வெட்டினார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். நான் ரிங்லெட் கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கிறேன். என் அக்கா மகன்தான் மலிவான டிரோன் ஒன்றை ஏற்றிவிட்டு, அது அனுப்பும் படத்தை, இரண்டு வில்லை பதித்த கண்பெட்டிக்குள் செருகிய பழைய கைப்பேசியில் பார்த்து, பூட்டன் வெட்டிய மேட்டைப் பறவையின் கண்ணால் முதலில் கண்டவன்.

அவனுக்கு முன்பே மலேசியாவின் இந்தக் கேமரன் மலையை உயரத்திலிருந்து பார்த்தவர்கள் பலர். அளக்க வந்தவர், தோட்டம் போட வந்தவர், சண்டைக்கு வந்தவர், தண்ணீரைத் தேடி வந்தவர் என்று ஒவ்வொருவரும் ஒரு தேவையோடு பார்த்தார்கள். இந்த மலையின் வரலாறு என்று நூல்களில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் கண்ட காட்சிதான். தேயிலை நிரைக்குள் குனிந்து நின்றவர்களின் கணக்கு அதில் சேரவில்லை. அதனால்தான் இந்த வரிசையை எழுத உட்கார்ந்தேன்.

முதல் பெயர் வில்லியம் கேமரன். பகாங், பேராக் எல்லையை வரைபடமாக்க 1885-இல் அனுப்பப்பட்ட ஆங்கிலேய நில அளவையாளர். அவருக்கு விமானம் ஏது? ஒரு முகட்டில் ஏறி அடுத்த முகட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுபடி இறங்கி ஏற வேண்டும். மலைகளுக்கு நடுவே சுழல்போல் ஒரு பெரிய மேட்டு நிலம், மென்மையான சரிவுகளோடு கிடப்பதாக அவர் எழுதி அனுப்பினார். அன்று பேராக்கின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த சர் ஹியூ லோ, அங்கே வெள்ளைக்காரர்கள் இளைப்பாற ஓர் இடம் அமைக்கலாம் என்று ஆசைப்பட்டார். ஒற்றையடிப் பாதை ஒன்று வெட்டினார்கள். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை.

கேமரன் ‘கண்டுபிடித்தார்’ என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் பூர்வகுடிகளான செமாய் மக்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே வாழ்கிறார்கள். ஆறு எங்கே திரும்பும், எந்தச் சரிவு மழைக்குச் சரியும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை அவர்கள் தாளில் வரையவில்லை, அவ்வளவுதான். இந்த மலையின் பெயர் வரைந்தவருக்குப் போனது.

1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் பரிந்துரையின் பேரில் இதை மலை வாசஸ்தலமாக்க முடிவு செய்தார்கள். தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் வேலை தொடங்கியது. மழை, சேறு, மலேரியா. சாலை போடும் கனரக இயந்திரங்களைக் கழற்றிப் பாகம் பாகமாக மேலே ஏற்றினார்கள். அந்தச் சாலை மேலே வந்துகொண்டிருந்தபோதே தேயிலையும் வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து ‘போ’ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்த ஆண்டு அது. ஒரு நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள், மீதியெல்லாம் ஆள் பலம் என்று அந்த நிறுவனமே தன் கதையைச் சொல்கிறது. 1933-இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலையும் வந்தது. அந்த ‘ஆள் பலம்’ என்ற இரண்டு சொல்லுக்குள்தான் என் தாத்தா இருக்கிறார்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர். தொழிலாளர்களை உதவித்தொகையில் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். முதலில் சமவெளியில் ரப்பர் தோட்டம், பிறகு மலைக்கு. மரம் வெட்டி, வேர் தோண்டி, சரிவில் குழி எடுத்து நாற்று நட்டது வரை என் அம்மாவிடம் அவர் சொல்லியிருக்கிறார். நட்ட மேட்டை முழுதாகப் பார்த்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை என்பார் அம்மா.

அதற்குக் காரணம் தோட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. துரை பங்களா முகட்டில். கணக்கரான கிராணியின் வீடு அதற்குச் சற்றுக் கீழே. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பள்ளத்தில், ஓடைக்கரையில். முகட்டில் நின்றால் எந்த நிரையில் எத்தனை பேர், யார் பின்தங்குகிறார்கள், எந்தக் கூடை நிறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பள்ளத்திலிருந்து பார்த்தால் தெரிவது முன்னே நிற்பவரின் முதுகும் செடியும் பனியும். அம்மா இளம் பெண்ணாகக் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போன காலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளினார்கள். பிறகு பை கட்டிய கத்தரி வந்தது. பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செடியின் தலையைச் சீவிக்கொண்டு போகும் மோட்டார் இயந்திரம். கருவி மாறியது, பார்வையின் உயரம் மட்டும் மாறவில்லை. இடுப்பளவுச் செடிக்கு மேல் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான்.

வானத்திலிருந்து பார்த்தவர்கள் அவசரகாலத்தில் வந்தார்கள். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க, பிரிட்டிஷ் விமானப் படையின் 81-ஆம் அணி காடு முழுவதையும் படம் பிடித்தது. சிங்கப்பூர் செலேத்தாரில் இருந்து பறந்த அணி அது. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் கடைசிப் படைப் பணி ஐரோப்பாவில் நடக்கவில்லை. 1954 ஏப்ரல் 1-இல் இந்த அணியின் ஸ்பிட்ஃபயர் ஒன்று ஜொகூர் காட்டைப் படமெடுத்துத் திரும்பியதோடு முடிந்தது. சரணடையச் சொல்லும் துண்டுத்தாள்களும் விமானத்திலிருந்து கொட்டின. சீனம், மலாய், தமிழ் மூன்றிலும் அச்சடித்தார்கள். காற்று அடித்துக்கொண்டு வந்து செடிமேல் போட்ட தாள்களைப் பாட்டி அடுப்புப் பற்றவைக்க எடுத்து வந்தாராம். தமிழ் எழுத்துள்ள தாளை மட்டும் எரிக்காமல் மடித்து வைத்திருந்ததாக அம்மா சொல்கிறார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது.

அந்த விமானப் படங்களைப் பார்த்த விதம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. விமானம் நேர்கோட்டில் போகும்போது, ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அடுத்த படத்திலும் விழும்படி எடுப்பார்கள். அருகருகே உள்ள இரண்டு படங்களை மேசையில் வைத்து, கால் முளைத்த மூக்குக்கண்ணாடி போன்ற கருவி வழியாக இடக்கண்ணால் ஒன்றையும் வலக்கண்ணால் மற்றதையும் பார்த்தால், தட்டையான தாளிலிருந்து மலை எழுந்து நிற்கும். பள்ளம் பள்ளமாகவே தெரியும். காட்டுக்குள் புதிதாக வெட்டிய சிறு காய்கறிப் பாத்தியையும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டீரியோஸ்கோப் என்ற இந்தக் கருவியின் தத்துவத்தை சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே லண்டனில் விளக்கியிருந்தார். மலாயாவில் அது போருக்கும் வரைபடத்துக்கும் உதவியது. அந்த மேசைக்கு முன் தோட்டத்து ஆள் எவரும் உட்கார்ந்திருக்க வழியில்லை.

வானிலிருந்து எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணவும் கூடாது. 1967 மார்ச் 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன், தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், இராணுவம், பூர்வகுடி ஓராங் அஸ்லி வழிகாட்டிகள், ஹெலிகாப்டர் என்று பெரிய தேடல் நடந்தது. இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. மரக்கூரையின் அடியில் இருப்பதை மேலே பறப்பவர் காண முடியாது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், தண்ணீரைத் தேடி வந்தவர்களால், பெர்த்தாம் ஆற்றின் விதி மாறியிருந்தது. பிரிஞ்சாங் பக்கம் பிறந்து, தானா ராத்தா, ஹாபு வழியாக இறங்கி, லெம்பா பெர்த்தாமைக் கடந்து தெலோம் ஆற்றில் கலந்து, கடைசியில் பகாங் ஆறாகக் கிழக்குக் கடலுக்குப் போகும் ஆறு இது. 1960-களின் தொடக்கத்தில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையைக் கட்டினார்கள். தேங்கிய நீரைச் சுரங்கம் வழியாக மலைக்கு அப்பால், பேராக் பக்கம் ஜோரில் பாறைக்குள் குடைந்த மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். கிழக்கே போக வேண்டிய தண்ணீர் மேற்கே போனது. அணைக்குக் கீழே ஆறு மெலிந்தது. மெலிந்த ஆற்றின் கரையில் காய்கறித் தோட்டமும் வீடும் நெருங்கி வந்தன. மேலே காடு வெட்டிய சரிவுகளின் மண் மழைக்கு வந்து அணையின் ஏரியில் படிந்தது. ஏரியின் கொள்ளளவில் பெரும் பங்கை மண் எடுத்துக்கொண்டது; தூர்வாரத் தூர்வார வந்துகொண்டே இருக்கிறது.

2013 அக்டோபர் 23 பின்னிரவில், பெருமழையில் ஏரி நிறைந்து மதகுகள் திறக்கப்பட்டன. சேறும் மரமுமாகத் தண்ணீர் லெம்பா பெர்த்தாமுக்குள் பாய்ந்தது. உயிர்கள் போயின, ஆற்றங்கரை வீடுகள் சிதைந்தன, கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மறுநாள் செய்தித்தாளில் வந்த வான்படத்தை நான் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அதில் தங்கள் கூரையைத் தேடினார்கள். மேலிருந்து எடுத்த ஒரு படத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் அவ்வளவு நேரம் நின்றதை நான் முதன்முறையாகப் பார்த்தது அன்றுதான். அடுத்த ஆண்டு நவம்பரிலும் மண்வெள்ளம் வந்தது.

இனி அந்தக் கண்பெட்டிக்கு வருகிறேன். 2014 ஜூனில் கூகுள் நிறுவனம் தன் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தது. டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்ற இரண்டு பொறியாளர்கள் பாரிஸ் அலுவலகத்தில் உருவாக்கியது. மடித்த அட்டை, இரண்டு குவிவில்லை, ஒரு காந்தம், முன்னால் கைப்பேசி வைக்க ஓர் இடம். அதற்கும் இரண்டாண்டு முன்பே கலிபோர்னியாவில் மார்க் போலாஸின் ஆய்வுக்கூடம் இதுபோன்ற அட்டைக் கருவியை வெளியிட்டிருந்தது. கூகுள் 2021-இல் விற்பனையை நிறுத்தியது என்றாலும் அதன் பிளாஸ்டிக் நகல்கள் ரிங்லெட் வரை வந்துவிட்டன. என் கடையில் சில பத்து வெள்ளிக்கு விற்றேன். வாங்கிய பிள்ளைகள் ரோலர் கோஸ்டர் படம் பார்த்துவிட்டு மூலையில் போட்டார்கள்.

டிரோன் தனி வழியில் மலிவாகிக்கொண்டிருந்தது. கைப்பேசியால் இயக்கும் பறக்கும் கேமராவை பிரான்சின் பாரட் நிறுவனம் 2010-இல் காட்டியது. 2018-இல் 80 கிராம் எடையுள்ள டெல்லோ என்ற டிரோன் 99 டாலருக்கு வந்தது. பதின்மூன்று நிமிடம் பறக்கும், நூறு மீட்டர் வரை போகும், கேமராவின் படத்தை வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் என்று அதன் அட்டையில் போட்டிருக்கும். கைப்பேசித் திரையை இரண்டு படமாகப் பிரிக்கும் செயலி ஒன்று, கையில் பிடித்து இயக்க ஒரு புளூடூத் கைப்பிடி, மூலையில் கிடந்த கண்பெட்டி. இவை சேர்ந்தால் நீங்கள் டிரோனுக்குள் உட்கார்ந்துவிடலாம்.

தொழில் தெரிந்தவன் என்பதால் இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். டிரோன் பந்தயக்காரர்கள் தனி அலைவரிசையில் இயங்கும் விலை உயர்ந்த கண்ணாடி அணிகிறார்கள். அதில் படம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துவிடும். வைஃபை வழி வரும் படத்துக்குக் கால் நொடி வரை தாமதம் ஆகலாம். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் போனால், நீங்கள் காணும் இடத்தை டிரோன் ஒரு மீட்டருக்கும் மேல் தாண்டியிருக்கும். ஆகவே மெதுவாகப் போக வேண்டும். 80 கிராம் எடையை மலைக்காற்று எளிதில் தள்ளிவிடும். காலை ஏழரைக்கு முன் காற்று எழாத நேரம்தான் ஏற்றது, ஆனால் அந்த நேரத்தில் பனி இறங்கியிருக்கும். குளிரில் மூச்சுக்காற்று பட்டு வில்லை மங்கும். பெட்டியின் மூக்குப் பக்கத்தை நான் அறுத்துத் துளை விட்டேன். பழைய கைப்பேசி சூடேறும். இன்னொன்று, இந்தப் பெட்டி இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறது. டிரோனில் கேமரா ஒன்றுதான். ஸ்பிட்ஃபயர் படங்களில் எழுந்து நின்ற மலை இதில் எழாது. தோற்றத்தில் அந்த ஸ்டீரியோஸ்கோப்பின் பேரப்பிள்ளை. ஆழம் மட்டும் இதற்கு வாய்க்கவில்லை. ஆழம் வேண்டுமானால் டிரோனைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, இரண்டிரண்டாகப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். அதைச் செய்து பார்த்தோம். லயத்துக் கூரை திரையைவிட்டு எழுந்தது.

பெட்டியால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதால் பக்கத்தில் ஒருவர் டிரோனையே பார்த்தபடி நிற்க வேண்டும். மலேசியச் சட்டப்படி டிரோன் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும், 400 அடிக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் தோட்ட அலுவலகத்தில் கேட்டு, சரி என்ற பிறகே பழைய லயத்துக்குப் பக்கத்துச் சாலையில் நின்று ஏற்றினோம். மருமகன் ஓட்டினான், நான் வானத்தைப் பார்த்து நின்றேன். பிறகு பெட்டியை அம்மாவின் கண்ணில் வைத்தோம். எழுபதைத் தாண்டியவர், தலை சுற்றும் என்று நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம்.

“பாட்டி, என்ன தெரியுது?” என்றான் அவன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது பதினாலாம் நம்பரு” என்றார். “கீழ இருக்கிற வளைவு கழுதைப் பாத. அந்தப் பக்கம் போய்யா. கோயிலுக்குப் பின்னால.”

அவன் மெதுவாக நகர்த்தினான். தோட்ட வரைபடத்தில் மலைகளுக்கு எண்தான் உண்டு. அளவையாளர் போட்ட எண். அம்மா ஒவ்வொரு துண்டாகப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார். அட்டை அதிகம் கடிக்கும் மேடு, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கரகம் இறங்கும் வழி, பிள்ளை பெற்ற மறுமாதம் வேலைக்கு வந்த ஒருத்தி வழுக்கி விழுந்த சரிவு, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை இருந்த இடம். கவ்வாத்து வெட்டிய மலையும் வெட்டாத மலையும் மேலிருந்து வேறு வேறு நிறமாகத் தெரிகின்றன என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். ஓடைக்கரையில் புல் மூடிய ஒரு செவ்வகத்தை அவன் கடந்து போய்விட்டான்.

“நிறுத்துய்யா. திரும்பு. அது நம்ம சுடுகாடு” என்றார். “உங்க பூட்டன் அங்கதான் இருக்காரு.”

நாங்கள் அதை வெறும் காலி நிலம் என்று நினைத்திருந்தோம். எந்த வரைபடத்திலும் அது இல்லை. தாத்தாவைப் புதைத்தபோது நட்ட கல் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது.

லெம்பா பெர்த்தாமை இன்று மேலிருந்து பார்த்தால் பச்சையைவிட வெள்ளைதான் அதிகம். பள்ளத்தாக்கு நெடுகக் காய்கறிக்கும் பூவுக்கும் போட்ட பிளாஸ்டிக் கூரைகள். தோட்டத்து லயங்களில் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலர் ஓய்வு பெற்று ரிங்லெட்டுக்கும் லெம்பா பெர்த்தாமுக்கும் ஈப்போவுக்கும் போய்விட்டார்கள். மூங்கில் கூடை பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். எந்த எண்ணுள்ள மலையில் யார் வாழ்ந்தார்கள், எங்கே புதைந்தார்கள் என்று அறிந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் வயதில் இருக்கிறார்கள்.

டிரோன் காட்டுவது கூரையும் செடியும் ஆறும்தான். அங்கே நடந்தவர்களின் குரல் சேரும்போதே அது வரலாறு ஆகிறது என்பது என் உறுதியான எண்ணம். கேமரனுக்கு அந்தக் குரல் கிடைக்கவில்லை. 81-ஆம் அணிக்கு அது தேவைப்படவும் இல்லை. நமக்குக் குரலும் இருக்கிறது, கருவியும் கைக்கெட்டும் விலையில் வந்துவிட்டது.

ஆகவே கேமரன் மலைத் தோட்டங்களில் பிறந்தவர்களை, சமவெளியின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்களையும் சேர்த்து, கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கையில் இருக்கும் டிரோனைத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு பழைய லயத்தின் மேல் ஒரு காலை ஏற்றுங்கள். கண்பெட்டியை வீட்டின் மூத்தவருக்கு மாட்டிவிட்டு, இன்னொரு கைப்பேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். கோயில், கிணறு, ஆயாக் கொட்டகை, சுடுகாடு எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டுத் தாளில் வரைந்து, ஒரு படியை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் கொடுங்கள். படமெடுத்து முறையான வரைபடமாக்கப் போகிறவர்கள் நில அளவை வரைபடத் துறையின் அனுமதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய கைப்பேசியும் கண்பெட்டியும் இல்லாதவர்கள் ரிங்லெட்டில் என் கடைக்கு வாருங்கள். பழுது பார்த்து வைத்திருக்கிறேன், இரவலாகத் தருகிறேன்.